முதலிடத்தில் இருந்த கேசட்

திங்கட்கிழமை மதியமானால் எங்கள் அலுவலகத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். செங்கல்பட்டு வெயிலில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனாலும் வேறு வழியில்லை. மேசை முழுக்கத் தபால் அட்டைகள் பரப்பிக் கிடக்கும். விசிறி சுற்றினால் மதுராந்தகத்து அட்டை பறந்துபோய்த் திருக்கழுக்குன்றத்து அட்டைகளோடு கலந்துவிடும்.

அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் எஸ்தர் மாடிப்படி ஏறி வந்தார். ஒரு கையில் மடித்த குடை. கூட வந்த கணவர் தேவராஜ் உள்ளே வராமல் படியிலேயே நின்றுகொண்டார். எஸ்தரின் இன்னொரு கையில் எங்கள் பத்திரிகை இருந்தது. நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. எங்கள் பத்திரிகை அவர் கையில் இருந்திருக்கவே கூடாது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அது என்ன பத்திரிகை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் படிக்கிற பலருக்கும் அப்படி ஒன்று வந்துகொண்டிருந்ததே தெரியாது.

கடைக்காரர்களுக்கு மட்டும்

பத்திரிகையின் பெயர் ‘நாதச் சந்தை’. வாரம் ஒருமுறை, பதினாறு பக்கம். கேசட் கடைக்காரர்கள், மைக் செட்காரர்கள், ரெக்கார்டிங் சென்டர் வைத்திருப்பவர்கள், இவர்களுக்காக மட்டும் நடத்தப்பட்டது. பெட்டிக்கடையில் தொங்காது. சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் போகும்.

நடத்தியவர் ஜம்புலிங்கம். அவரே முன்பு கேசட் மொத்த வியாபாரம் செய்தவர்தான். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் அலுவலகம். கீழேயிருந்து ரப்பர் வாசனை ஏறிவரும், மேலே எங்கள் பசை வாசனை. ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரிக் காற்று இரண்டையும் கலக்கி மூக்கில் அடிக்கும். இப்போதும் டயர் கடையைக் கடந்து போனால் எனக்குத் திங்கட்கிழமை நினைவு வந்துவிடும்.

ஆசிரியர் ஜம்புலிங்கம். உதவி ஆசிரியர், பிழை திருத்துபவர், விலாசம் ஒட்டுபவர் எல்லாம் நான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்றில்தான் எங்களுடையதும் அச்சாகும். முகூர்த்த நாட்கள் அதிகமுள்ள மாதங்களில் ‘நாதச் சந்தை’ இரண்டு நாள் தாமதமாக வரும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களும் மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு அதே கல்யாணங்களுக்குத்தான் போயிருப்பார்கள்.

உள்ளே என்ன இருக்கும்? புதிதாக வந்த கேசட்டுகளின் பட்டியல், திருட்டுப் பதிவு பற்றிய புலம்பல், கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுக்குக் கேசட் திருகாணி துருப்பிடிக்காமல் காப்பது எப்படி என்று ஒரு பத்தி. அதை நான்தான் எழுதுவேன். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லி ஒருமுறை எழுதிவிட்டேன். மாமல்லபுரத்தில் ஒருவர் கடை முழுக்க அரிசியாக்கிவிட்டு, எலி வந்துவிட்டது என்று எனக்கு இரண்டு பக்கம் திட்டி எழுதினார்.

ஆனால் எல்லாரும் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். அங்கேதான் ‘இந்த வாரப் பத்து’ இருக்கும். எந்தக் கேசட் அதிகம் விற்றது என்று ஒவ்வொரு கடைக்காரரும் வரிசையாகப் பத்துப் பெயரை எழுதி அட்டை போடுவார். முதல் பெயருக்குப் பத்து மதிப்பெண், கடைசிப் பெயருக்கு ஒன்று. கூட்டிப் பட்டியல் போடுவது என் வேலை. விசிறியை நிறுத்துவது இதற்காகத்தான்.

தலைகீழ்ப் பட்டியல்

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் நான் அந்தப் பட்டியலை வேதவாக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விளம்பரம் வாங்கத் திருவிடந்தை போனேன். அங்கே வேணு என்று என் வயதுக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். கல்யாணம் கூடிவர வேண்டிக்கொண்டு கோயிலுக்கு மாலையும் கையுமாக வருகிறவர்கள் திரும்பும்போது ஒரு பக்திப் பாடல் கேசட் வாங்கிக்கொண்டு போவார்கள். நல்ல வியாபாரம்.

அந்த வாரம் வேணு முதலிடத்தில் எழுதியிருந்த கேசட், அவர் கடையின் மூலையில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. மேல் பெட்டியில் பல்லி முட்டை. இவ்வளவு விற்ற பிறகும் இவ்வளவு மீதியா என்று அப்பாவியாகக் கேட்டேன்.

வேணு சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“வித்துப் போற சரக்க எவனாச்சும் மேல எழுதுவானா அண்ணாத்த? அட்த்த தெருக்காரன் வாங்கி வச்சிகினு என் வாய்ல மண்ணப் போடுவான். மேல எழுதுறது போவாத சரக்கு. அது எங்களுக்குள்ள தெரிஞ்சதுதான்” என்றார்.

விஷயம் அவ்வளவுதான். விற்காமல் தேங்கிய கேசட்டை எல்லாரும் முதலிடத்தில் எழுதுவார்கள். புதிதாகக் கடை போட்டவர் யாராவது பட்டியலைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டால் அவர் தலையில் கட்டிவிடலாம். நிஜமாக விற்கிற கேசட்டை எழுதாமலே விட்டால் சந்தேகம் வரும் என்று ஏழாவது எட்டாவது இடத்தில் போட்டு வைப்பார்கள். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பட்டியலைக் கீழிருந்து மேலே படிப்பார்கள்.

ஆசிரியரிடம் வந்து சொன்னேன். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவரும் முன்பு அப்படித்தான் அட்டை போட்டவர். வெளியாள் யாரும் இதைப் படிப்பதில்லை, ஆகையால் யாருக்கும் நஷ்டமில்லை என்றார். அதனால்தான் ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார். பாடுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் ஒரு பிரதிகூடப் போகக் கூடாது.

அந்த விதியை மீறியவன் நான்.

அந்தக் குரல்

எஸ்தரின் சொந்த ஊர் கருங்குழிக்குப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எஸ்தர் பத்தாவது முடித்துவிட்டு, கல்பாக்கத்துக் குடியிருப்பில் ஒரு கான்ட்ராக்டரிடம் கேன்டீன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுவார். பாட்டுகளும் அவரே எழுதியவை. செங்கல்பட்டில் சிறிய கம்பெனி வைத்திருந்த ஒருவர் அதில் எட்டுப் பாட்டைப் பதிந்து கேசட்டாக வெளியிட்டார்.

அறிமுகத்துக்காக ஒரு கேசட் எங்களுக்கு வந்தது. வழக்கமாக இரண்டு நிமிடம் ஓடவிட்டுவிட்டு ஒரு வரி எழுதுவேன். அன்றைக்கு இரண்டு பக்கமும் ஓடி முடித்து டேப் ரெக்கார்டர் பொத்தான் டக்கென்று தானாக எழும்பும் வரை கேட்டேன். கனத்த, தாழ்ந்த குரல். உச்சிக்குப் போக அவசரமே படாது. ஒரு நாள் வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து பாடுவது மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடித்துப் போனது. இன்றும் பிடிக்கும்.

கேசட் விற்கவில்லை. காரணம் எனக்குத் தெரியவில்லை. மேளம் போதவில்லை என்றார்கள், அட்டைப் படம் மங்கல் என்றார்கள். இரண்டாம் மாதம் அட்டைகளைக் கூட்டியபோது எஸ்தரின் கேசட் முதலிடத்தில் வந்து நின்றது. அடுத்த வாரமும் அதேதான். மொத்தம் ஐந்து வாரம்.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு புத்தி வந்தது. பாவம், கேன்டீனில் சாம்பார் வாளி தூக்குகிறவர், அச்சில் தன் பெயரை முதலிடத்தில் பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆசிரியருக்குத் தெரியாமல் ஒரு பிரதியை உறையில் போட்டு அனுப்பினேன். அதில் ‘வாழ்த்துகள்’ என்று வேறு எழுதினேன். உள்ளதைச் சொன்னால், அந்த வாழ்த்தில் என் பெருமையும் கொஞ்சம் இருந்தது.

ஒரே ஒரு கேள்வி

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எஸ்தர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. விஷயத்தைக் கோர்வையாகச் சொன்னார். அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் புதிதாகக் கேசட் கம்பெனி ஆரம்பித்திருக்கிறார். எங்களுக்குச் சந்தா கட்டியவர். பட்டியலில் எஸ்தர் பெயரைப் பார்த்துவிட்டு, இன்னொரு கேசட் போடலாம் என்று தேடி வந்திருக்கிறார். அதற்குச் சென்னையில் மூன்று வாரம் தங்க வேண்டும்.

அதே சமயம் கேன்டீனில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். எட்டு வருஷமாக இடைவெளியில்லாமல் வேலை பார்த்தவர் என்று எஸ்தர் பெயரும் அதில் இருக்கிறது. இந்த நேரத்தில் மூன்று வாரம் போனால் பெயர் போய்விடும்.

“அந்த லிஸ்ட்டு நெஜம்தானேண்ணா? இவரு வேணாங்கறாரு. நான்தான் உன்னாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு கூட்டினு வந்தேன். நெஜம்னா வேலைய வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா சொல்லிடு, பேசாம வூட்டுக்குப் போயிடறேன்” என்றார்.

பக்கத்து மேசையில் ஆசிரியர் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேனா நின்றுவிட்டது. என் முன்னால் அட்டைகள் விரிந்து கிடந்தன. அறையில் துளிக் காற்றில்லை.

சொல்லியிருக்கலாம். ‘இல்லம்மா, அது பொய்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதைச் சொன்னால் பத்திரிகையே பொய் என்றாகிவிடும். நான் அனுப்பிய வாழ்த்தும் பொய் என்றாகிவிடும். நான் விதியை மீறியதும் ஆசிரியர் முன்னால் வெளியே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கையில் ஒட்டுப்போட்டு வைத்திருந்த அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நான் கோழை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“கடைக்காரங்க எழுதறதத்தாம்மா நாங்க போடறோம்” என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. எஸ்தரின் முகம் அப்படியே மலர்ந்தது. படியில் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தார். தேவராஜ் குடையை வாங்கிக்கொண்டார்.

அவர்கள் இறங்கிப் போனதும் ஆசிரியர் தேநீர் வரவழைத்தார். நான் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்றார். விதியை மீறியதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எட்டாம் இடம்

எஸ்தர் வேலையை விட்டார். இரண்டாவது கேசட் வந்தது. முதலாவதைவிட நன்றாகப் பாடியிருந்தார்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை அட்டைகளை எடுத்தேன். வேணுவின் அட்டையில் முதல் பெயர் எஸ்தரின் புது கேசட். மாமல்லபுரத்து அட்டையிலும் அதுவே. அச்சிறுபாக்கத்திலும் அதுவே. மொத்த மதிப்பெண்ணில் அது முதலிடம், அதுவும் பெரிய வித்தியாசத்தில். அதாவது ஒன்றுகூட நகரவில்லை.

அந்த வாரம் நான் முதல்முறையாகப் பட்டியலைத் திருத்தினேன். எஸ்தரின் கேசட்டை எட்டாம் இடத்தில் போட்டேன். கீழிருந்து படிக்கிறவர்கள் அதைப் பார்த்தால், ஓகோ இது நிஜமாகவே விற்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக் கேட்பார்கள். நாலு பெட்டி நகரும். என்னால் முடிந்தது அதுதான்.

பத்து நாள் கழித்து எனக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. எஸ்தரின் கையெழுத்து, குண்டு குண்டாக. அந்த அரிசி மண்டிக்காரர் பட்டியலைக் காட்டியிருக்கிறார். போன கேசட் முதலிடம், இது எட்டாவது இடம்தானே என்று கேட்டிருக்கிறார். இனி மூன்றாவது கேசட் கிடையாது என்று சொல்லிவிட்டாராம்.

கடிதத்தின் கடைசியில், ‘அண்ணா, நான் இந்த முறை சரியாகப் பாடவில்லையா?’ என்று இருந்தது.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. மூன்று முறை ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே அந்தத் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டியிருந்தது. கிழித்துப் போட்டேன்.

அட்டைகள் நின்றன

அதற்குப் பிறகு பத்திரிகை சில வருஷங்கள்தான் வந்தது. கேசட் போய் சிடி வந்தது. ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு என்று ரோட்டோரத்தில் குவித்து விற்றார்கள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகச் செல்போன் ரீசார்ஜுக்கு மாறினார்கள். பெயர்ப் பலகையில் ‘ஆடியோஸ்’ என்பதை அழிக்காமலே பக்கத்தில் ‘மொபைல்ஸ்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அட்டைகள் நாற்பதாகின, பதினைந்தாகின. கடைசியில் ஒரு திங்கட்கிழமை மூன்றே அட்டைகள். அன்றைக்கு மின்விசிறியை நிறுத்தத் தேவைப்படவில்லை. பேப்பர் வெயிட்டே போதுமானதாக இருந்தது. ஆசிரியர் வெகுநேரம் அந்த மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தோடு போதும் என்றார். அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்த மைக் செட்காரர்கள் கூலி வாங்கிக்கொள்ளாமல் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள்.

நான் பொத்தேரிக்குப் போனேன். பல்கலைக்கழகத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளுக்குப் பிழை திருத்தி பைண்டிங் செய்யும் வேலை. அவர்கள் எழுதுவதிலும் பாதி இன்னொருவர் எழுதியதுதான். அதையும் நான் யாரிடமும் சொல்வதில்லை.

சட்டம் போட்ட காகிதம்

ஒருநாள் மதியம் ஹாஸ்டல் சந்துக்குள் புதிதாக ஒரு மெஸ் திறந்திருக்கிறார்கள் என்று சாப்பிடப் போனேன். கல்லாவில் ஒரு கல்லூரி வயதுப் பெண். அவளுக்குப் பின்னால் சுவரில் இயேசு படம். அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம். எண்ணெய்ப் புகை படிந்திருந்தாலும் தூரத்திலிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்தது. மடிப்பில் செல்லோடேப் பழுத்துப்போயிருந்தது.

எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் சமையற்கட்டிலிருந்து எஸ்தர் தோசைத் தட்டோடு வந்துவிட்டார். முடி நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

“அண்ணா நீயா? நல்லாகீறியா?” என்றார்.

இலையில் தோசையை வைத்தார். தேவராஜ் வெளியே காய்கறி வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார். பேச்சு சாதாரணமாகப் போனது. நான்தான் தோசையைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் கைகழுவும் இடத்தைத் துடைக்கப் போயிருந்தாள்.

நான் எதுவும் கேட்காமலேயே எஸ்தர் சொன்னார். இரண்டாவது கேசட் வந்து கொஞ்ச நாளில், முதல் கேசட்டுக்கு முதலிடம் கொடுத்த கடைக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாராம். பேருந்து பிடித்துத் திருவிடந்தைக்குப் போயிருக்கிறார். வேணு உட்கார வைத்து, பெட்டிகளைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எட்டாம் இடத்தின் சூட்சுமத்தையும் சேர்த்துத்தான். நாங்கள் எல்லாரும் மேலேதான் எழுதினோம், உனக்கு நல்லது செய்யத்தான் அந்த ஆள் கீழே போட்டிருக்கிறான் என்றாராம்.

“அவரு யாரு எவருன்னே தெரியாது எனக்கு. கேட்டதும் சொல்லிட்டாரு. உன்னாண்டயும் அதத்தாண்ணா கேட்டேன்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்று வாசகர்கள் நினைக்கலாம். கேட்டேன். எச்சில் கையோடு, தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

சுவரைப் பார்த்தேன். தெரிந்த பிறகும் எதற்காக அதை மாட்டி வைத்திருக்கிறார் என்று கேட்டேன்.

“நான் எங்க மாட்டினேன்? பொண்ணு மாட்டிச்சு. அம்மா ஒரு காலத்துல மொத ஆளா இருந்தாங்கன்னு வர்ற பசங்களாண்டல்லாம் சொல்லிகினு கீது. அதுக்கு இதெல்லாம் தெரியாது” என்றார்.

“நான் சொல்லமாட்டேம்மா” என்றேன்.

எஸ்தர் எழுந்து என் இலையைப் பார்த்தார்.

“தெரியும்ணா. நீ சொல்லமாட்ட.”

அதற்குள் அந்தப் பெண் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் ‘நாதச் சந்தை’யில் இருந்தவன் என்பதை எப்படியோ காதில் வாங்கியிருக்கிறாள். கண் பளபளவென்றிருந்தது. சட்டத்தைக் காட்டி, நிஜமாகவே தமிழ்நாட்டிலேயே அம்மா கேசட்தான் அந்த வாரம் முதலிடமா சார் என்று கேட்டாள்.

எஸ்தர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“கடைக்காரங்க எழுதினதத்தாம்மா நாங்க போட்டோம்” என்றேன்.